மூடினால் அனுப்பப்படும்

அத்தியாயம் பதினேழு

புதன்கிழமை காலை, ஒரு ஆளுக்கான சோற்றை வடித்து இறக்கிவிட்டு அம்சா கம்ப்யூட்டரை ஆன் செய்தாள்.

மகன் கோபி கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவளுடைய காலை இப்படித்தான் தொடங்குகிறது. இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரம் கூடவே வருகிறவர்களுக்கு அது தெரியும். வீடு திண்டிவனத்தில். கணவர் சீனுவாசனுக்கு வேலை விழுப்புரத்தில். நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம்தான். ஆனாலும், "தெனம் போயி வந்தா இடுப்பு விட்டுப்போவுது" என்று அவர் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி இரண்டு வருஷமாகிறது. சனிக்கிழமை சாயங்காலம் வருவார். திங்கட்கிழமை விடியலில் கிளம்பிவிடுவார். இடையில் பேப்பர் படிப்பார், தூங்குவார், கேட்டதற்குத் தலையாட்டுவார்.

மகனுக்காக வாங்கிய கம்ப்யூட்டர், மகன் இல்லாத வீட்டில் அவளுக்குத் துணையானது. போன லீவில் வந்தபோது கோபிதான் ஃபேஸ்புக்கில் கணக்குத் திறந்து கொடுத்தான். அதில்தான் பவுலின் கிடைத்தாள். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. இப்போது பவுலின் மஸ்கட்டில் இருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி, அம்சா அவளோடு தினமும் பேசினாள்.

நேற்றுக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள்.

இன்றைக்குப் பவுலின் இன்னும் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் அம்சா ஜாக்கெட் கழுத்து டிசைன் தேடினாள். வரிசையாகப் படங்கள் வந்தன. பின்கழுத்தில் முடிச்சுப் போட்ட ஒரு படத்தைப் பெரிதாகப் பார்க்கலாம் என்று அழுத்தினாள்.

படம் பெரிதாகவில்லை. திரை முழுக்கச் சிவப்பானது.

மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி. கீழே வெள்ளையில் பெரிய பெரிய எழுத்து. ஸ்பீக்கரிலிருந்து பீப், பீப் என்று சத்தம். அதற்கு மேல் ஒரு பெண் குரல், இங்கிலீஷில், மூச்சுவிடாமல்.

அம்சா பிளஸ் டூ வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்தால் பாதி புரியும். அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

'எச்சரிக்கை. உங்கள் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இல்லை. உங்கள் போட்டோக்கள், பாஸ்வேர்டுகள், நீங்கள் பேசிய செய்திகள் எல்லாம் திருடப்பட்டுவிட்டன. இந்தப் பக்கத்தை மூடாதீர்கள். மூடினால், உங்களுக்குத் தெரிந்த அனைவருக்கும் அவை அனுப்பப்படும். உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.'

பயத்தில் முதலில் அவள் செய்தது, மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தியதுதான். சின்னதாக ஒரு பெட்டி எழும்பி வந்து, நிஜமாகவே போகிறீர்களா என்று கேட்டது. அதை அழுத்தினால் இன்னொரு பெட்டி. அதற்குப் பின்னால் மறுபடி அதே சிவப்பு. மானிட்டர் சுவிட்சைத் தட்டினாள். திரை கறுத்தது, குரல் நிற்கவில்லை. கறுப்புக்குள்ளிருந்து அந்தப் பெண் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போட்டோவைப் பற்றி அம்சாவுக்குக் கவலையில்லை. கோபியின் பிறந்தநாளும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போனதும்தான் அதில் இருந்தன. பாஸ்வேர்டு போனாலும் போகட்டும்.

நீங்கள் பேசிய செய்திகள்.

நேற்று மத்தியானம் பவுலினுக்கு எழுதியது ஒரு வார்த்தை விடாமல் நினைவுக்கு வந்தது. எல்லாமே சீனுவாசனைப் பற்றி. யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொல்லாதது. அது அவருக்கே போய்ச் சேர்ந்தால்? அவருடைய மெயிலும் இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஆபீஸில் இருக்கிறவர்கள் பேரெல்லாம் அதில் இருக்கும். அத்தனை பேருக்கும் போய்விட்டால்?

கோபிக்குப் போன் செய்தாள்.

"அம்மா, லேப்ல இருக்கேன். சாயங்காலம் பேசட்டா?"

"இல்லடா கண்ணு, கம்ப்யூட்டர்ல இன்னாவோ..."

"ஹேங் ஆயிடுச்சா? ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணும்மா. சார் வர்றாரு, வைக்கிறேன்."

ஆஃப் செய்தாலும் மூடுவதுதானே? மூடினால் அனுப்பிவிடுவார்களே. அம்சா மானிட்டரை மறுபடி போட்டு, சிவப்பிலிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துச் செல்போனில் அழுத்தினாள்.

ஒரு ஆண் எடுத்தான். இந்தியும் இங்கிலீஷும் கலந்து, மரியாதையாகத்தான் பேசினான். "மேடம்" என்ற வார்த்தையைத் தவிர முதலில் எதுவும் பிடிபடவில்லை. அவன் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான். வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?

"நோ," என்றாள் அம்சா. "அலோன்."

சொல்லிய பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவன் உற்சாகமாகிவிட்டான். அதைத் திற, இதை அழுத்து, நான் உள்ளே வந்து பார்க்கிறேன் என்றான். எல்லாம் எங்களுக்குத் தெரிகிறது மேடம் என்றான். போட்டோ, பாங்க், சாட்டிங், எவ்ரிதிங்.

சாட்டிங் என்றதும் அம்சா போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முகம் கழுவினாள், புடவை மாற்றினாள். அந்தக் கம்ப்யூட்டர் சீனுவாசனுக்குச் சொல்வதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும். வேறு வழி எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரை அப்படியே விட்டு வீட்டைப் பூட்டினாள். பூட்டிய வீட்டுக்குள் ஒருத்தி பேசிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெருவரைக்கும் கேட்டது.

எதிர்வீட்டு இருதயமேரி துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள். "இன்னா அம்சாக்கா, வூட்டுக்கு ஆளு வந்துக்கிறாங்களா? பேச்சு சத்தம் கேக்குது?"

"டிவி," என்றாள் அம்சா. "ஜல்தியா போவணும், மறந்துட்டேன்."

"அதான பாத்தேன்," என்று இருதயமேரி துணிக்குத் திரும்பினாள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகள் வெயிலில் கிடந்தன. எப்படித் தொடங்குவது என்று அவள் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எந்த வார்த்தையில் தொடங்கினாலும் கடைசியில் அந்த ஒரு வரியில்தான் போய் முட்டியது. விக்கிரவாண்டி தாண்டியதும் போன் அடித்தது. காலையில் அவள் கூப்பிட்ட அதே நம்பர். எடுக்கவில்லை. நின்றுவிட்டு மறுபடி அடித்தது. பக்கத்திலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அம்சா போனைக் கைப்பைக்குள் போட்டு, பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் அவள் இதற்கு முன் ஒரே தடவைதான் வந்திருக்கிறாள். அவருடைய ஆபீஸ் எந்தக் கட்டடம் என்று விசாரித்துக்கொண்டு போய் வாசலில் நிற்கும்போதே சீனுவாசன் படியிறங்கி வந்தார். கையில் ஒரு ஒயர் கூடை. கூடையில் ஒரு ஃபிளாஸ்க், துண்டு, இரண்டு சாத்துக்குடி.

அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்சா? நீ எங்க இங்க? கோபிக்கு ஏதாச்சும்...?"

"அவன் நல்லாத்தாங்க இருக்கான்."

"அப்ப இன்னா?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அம்சா அதைப் பார்த்தாள். ஆனால் அவளுக்கு அப்போது அதைக் கேட்கத் தோன்றவில்லை. தான் சொல்ல வேண்டியதிலேயே மனம் இருந்தது.

வளாகத்துக்கு வெளியே, புங்க மரத்தடியில் ஒரு டீக்கடை. சீனுவாசன் இரண்டு டீ சொன்னார். கடைக்காரர் தள்ளிப் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"உங்களுக்கு ஒரு மெயில் வரும்ங்க. உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும்கூட வரும். அதுக்குள்ள நானே சொல்லிடலாம்னு ஓடியாந்தேன்."

"இன்னா மெயிலு?"

"நான் எழுதினது. பவுலினுக்கு."

"யாரு பவுலினு?"

"என்கூட படிச்சவ. மஸ்கட்ல இருக்கா. ரெண்டு மூணு தடவ உங்ககிட்ட சொல்லிருக்கேன்."

சீனுவாசனுக்கு ஞாபகமில்லை. அதை மறைக்க டீயை ஒரு வாய் குடித்தார்.

"நீங்க திங்கக்கிழம போனா, சனிக்கிழம வரைக்கும் நான் வாயத் தொறந்து பேசறது பால்காரர்கிட்ட அரை லிட்டருன்னு சொல்றதுதான்னு எழுதினேன்."

அவர் மெதுவாகத் தலையசைத்தார்.

"அப்புறம்?"

"நீங்க வந்தாலும் அப்படியேதான் இருக்குதுன்னு எழுதினேன்."

"உம்."

"போன மாசம் ஒரு சனிக்கிழம, வர முடியலன்னு போன் பண்ணீங்களே. அன்னிக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சி." அம்சா அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பார்த்துச் சொன்னாள். "யாரும் இல்லாதப்ப தனியா இருக்கறத எப்பிடியோ தாங்கிக்கிறேன். எதிர்ல ஆளு குந்திக்கினு இருக்கும்போது தனியா இருக்கறேனே, அதான் முடியல, அவரு வராத இருந்தா தேவலன்னு எழுதிட்டேன்."

சாலையில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சீனுவாசன் டீ கிளாஸை பெஞ்சின் மேல் வைத்தார். அது பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"அதுக்கு அவ இன்னா சொன்னா?"

"அழுவற பொம்ம ஒண்ணு அனுப்பிச்சா."

அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வேறு எதையாவது கேட்டாக வேண்டும் என்பதுபோல், "சரி, அத எனக்கு யாரு அனுப்பப்போறா?" என்றார்.

அம்சா காலையில் நடந்ததைச் சொன்னாள். சிவப்புத் திரையையும் குரலையும் சொன்னாள். தான் போன் செய்ததையும் மறைக்கவில்லை.

"வூட்ல யாரு இருக்காங்கன்னு கேட்டான். தனியாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? அத ஏன் அவன்கிட்ட சொன்ன?"

"வேற யாரு இருக்கா, சொல்றதுக்கு?"

சீனுவாசன் குரலைத் தணித்துக்கொண்டார். "நடுவுல மஞ்சளா முக்கோணமா? பீப் பீப்னு கத்திக்கினே இருக்குமா?"

"ஆமாங்க. உங்களுக்கும் வந்திச்சா?"

"ஆபீஸ்ல அடிக்கடி வரும். அது பொய்யி, அம்சா. எவனோ ஏமாத்தறதுக்குப் பண்ணி வுட்ட பக்கம். யாரும் உள்ள பூந்து எதையும் எடுக்கல. யாருக்கும் எதுவும் அனுப்ப மாட்டான், அவனால முடியாது. மெஷின அமுக்கி ஆஃப் பண்ணா அதோட போச்சி."

"பொய்யா?"

"சுத்தப் பொய்யி. அவன் சொன்னான்னு உள்ள எதுவும் தொறந்து வுடலியே?"

"இல்ல. வச்சிட்டேன்."

"அப்ப ஒண்ணும் ஆவல."

நிம்மதி வரும் என்று அம்சா காத்திருந்தாள். வரவில்லை. அவள் எழுதியதை யாரும் திருடவில்லை. மஸ்கட்டில் ஒருத்தியிடம் அது பத்திரமாக இருந்திருக்கும். தானே பஸ் ஏறி வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சேர வேண்டாத இடத்தில் அதைச் சேர்த்துவிட்டாள். சொன்னதை இனி எந்தச் சுவிட்சாலும் அணைக்க முடியாது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் சீனுவாசன். "அந்தப் பொட்டில அப்படி வரலன்னா, இத நீ எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"மாட்டேன்."

கைப்பைக்குள் போன் அடித்தது. அவள் எடுத்துப் பார்த்த விதத்திலேயே சீனுவாசனுக்குப் புரிந்துவிட்டது. போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக் காதில் வைத்தார். மறுமுனையில் "மேடம், மேடம்" என்பது அம்சாவுக்குக் கேட்டது.

"மேடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வூட்ல நான் இருக்கேன்யா!" என்று கத்தினார் சீனுவாசன். "இன்னா வோணும் உனக்கு? எங்கிட்ட பேசு."

டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

அம்சா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டிவனத்து வீட்டில் தான் இருப்பதாக விழுப்புரத்தில் நின்றுகொண்டு சொன்னது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"வா," என்றார். "பஸ் ஏத்தி வுடறேன்."

இருவரும் நடந்தார்கள். எப்போதும் நாலு அடி முன்னால் போகிறவர், இன்று அவளுக்குச் சமமாக வந்தார். ஒயர் கூடை அவர்களுக்கு நடுவில் ஆடிக்கொண்டு வந்தது.

திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் ஒன்று வந்து நின்றது. அம்சா ஏறி, இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கையாட்டுவதா வேண்டாமா என்று அவள் வெளியே தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் சீட் அழுந்தியது. சீனுவாசன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆபீஸ்?"

"போன்ல லீவு சொல்லிட்டேன்."

புதன்கிழமை. வாரத்தின் நடுவில் அவர் வீட்டுக்கு வருகிறார். அம்சாவுக்கு முதலில் சோறுதான் ஞாபகம் வந்தது. ஒரு ஆளுக்கு வடித்தது. போனதும் உலை வைக்க வேண்டும். தக்காளி இருக்கிறது, அப்பளம் இருக்கிறது. முட்டை வாங்கிக்கொண்டு போகலாம். இன்று அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, தான் பேசிவிடலாம். ஆரம்பித்துவிட்டோமே. பஸ் நகர்ந்ததும் காற்று வந்தது. காலையிலிருந்து முதல்முறையாக அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்து நின்றார்.

"முண்டியம்பாக்கம் ரெண்டு," என்றார் சீனுவாசன்.

அம்சா சடாரென்று திரும்பினாள். "நம்ம ஊருக்கு எடுக்கலியா?"

"நடுவுல ஒரு எடத்துல எறங்கணும்."

"முண்டியம்பாக்கத்துல இன்னா இருக்குது? ஆஸ்பத்திரிதான?"

அவர் கூடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீ சொல்லிட்ட, அம்சா. எனக்கு உன்ன மாதிரி சொல்ல வரல. கூட்டிக்கினு போயி காட்டிடறேன்."

முண்டியம்பாக்கத்தில் இறங்கும்போது வெயில் தலையைப் பிளந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. சீனுவாசன் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சாலையைக் கடந்தார். கடந்த பிறகும் சிறிது தூரம் விடவில்லை. பிறகு நினைவு வந்தவர்போல் விட்டுவிட்டார்.

"உங்க உடம்புக்கு ஏதாச்சுமா?" அம்சா கேட்டாள். "இடுப்பு வலின்னீங்களே. அதுவா? மறைக்காத சொல்லுங்க."

"எனக்கில்ல," என்றார் அவர்.

ஆஸ்பத்திரிக்குள் அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. வலப்பக்கம் திரும்பினார், படியேறினார். வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் அவருக்காகத் துடைப்பத்தை ஒதுக்கிப் பிடித்து, "இன்னிக்கு லேட்டா சார்?" என்றாள். அவர் சிரித்து, "லேட்டாயிடுச்சி, மழ வர்ற மாதிரி வேற இருக்குது பாரு" என்றார். மழையைப் பற்றி அவர் பேசி அம்சா கேட்டதில்லை. வானத்தில் மேகமே இல்லை. அது வேடிக்கைக்குச் சொன்னது என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

பெண்கள் வார்டு.

வரிசையின் கடைசியில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்சாவின் வயதுதான் இருக்கும். தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. கைகள் குச்சிபோல இருந்தன. கூடையைப் பார்த்ததும் மலர்ந்த முகம், கூடைக்குப் பின்னால் வந்தவளைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

சீனுவாசன் கூடையைக் கட்டிலடியில் வைத்தார். ஸ்டூலை இழுத்து அம்சாவின் பக்கம் நகர்த்தினார். யாரை யாருக்கு என்னவென்று அறிமுகம் செய்வது என்று தெரியாமல் நின்றார்.

கட்டிலில் இருந்தவளே கேட்டாள்.

"இவங்கதான் அம்சாவா?"

அவர் தலையாட்டினார்.

"நிக்கறீங்களே, ஒக்காருங்க." அந்தப் பெண் பலவீனமான கையால் ஸ்டூலைக் காட்டினாள். "உங்கள நான் பாத்ததில்லயே தவிர, எல்லாம் தெரியும். நீங்க வைக்கிற மீன் கொழம்பு தெரியும். கோபி பொறந்தப்ப மழையில மாட்டிக்கினது தெரியும். வந்து குந்தினா வாய் ஓயாது இவருக்கு. உங்களப் பத்தியேதான் பேசிக்கினு இருப்பாரு."

யார் நீ என்று கேட்கத்தான் அம்சா வாயைத் திறந்தாள். வார்டுக்குள் நுழைந்ததிலிருந்து அந்தக் கேள்விதான் அவளுக்குள் இருந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"இவரா?" என்றாள். ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "இவரு பேசுவாரா?"